கன்ட்ரோல் லூப் அடங்காமல் சுற்றினால்: ஓபன்டிஎஸ்எஸ் ஃபீடர் மாதிரிகளில் பிழை தேடும் வழி

மின் விநியோக வலையைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் மென்பொருளான ஓபன்டிஎஸ்எஸ்ஸில் ஒரு ஃபீடரை (துணை மின்நிலையத்திலிருந்து கிளம்பும் மின்பாதையை) கட்டி முடித்து, டேப் என்ற படிகளால் வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரையும், வோல்ட்டேஜைத் தூக்கிவிடும் கெப்பாசிட்டரையும் சேர்த்து, ‘சால்வ்’ கொடுத்ததும் வரும் எச்சரிக்கைகளில் ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது ஒன்று உண்டு: கன்ட்ரோல் சுற்றுகள் வரம்பைத் தாண்டிவிட்டன, ஈவன்ட் லாக்கைப் பாருங்கள் என்பது. சேலத்தில் பிப்ரவரி பிறந்தால் புராஜெக்ட் மாணவர்கள் இதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மற்ற மாதங்களில், ஆத்தூர் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிக் கூரையில் சோலார் போடுவதற்கு ஆய்வறிக்கை தயாரிக்கும் சின்ன கன்சல்டன்சிக்காரர்கள் வருவார்கள். ஆள் மாறினாலும் கோளாறு திரும்பத் திரும்ப அதே சிலதான். அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் திரையில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில்.

உதாரணத்துக்கு ஒரே மாதிரியை எடுத்துக்கொள்கிறேன்: மலை அடிவாரத்தில் 110/22 கே.வி. துணை மின்நிலையம், அங்கிருந்து சேர்வராயன் மலை ஏறும் 22 கே.வி. ஃபீடர், வழியில் ஒரு கெப்பாசிட்டர் பேங்க், மேலே ஏற்காட்டு விடுதிகளும் காபி எஸ்டேட்களும். பயிற்சிக்காக வரைந்தது இது. அங்கே ஓடும் நிஜ லைனின் விவரம் அல்ல. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். மென்பொருளில் அடிக்கும்போது வழக்கம்போல் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

‘செட் கன்ட்ரோல்மோட்=ஆஃப்’ கொடுத்து சால்வ் செய்யுங்கள். டேப், கெப்பாசிட்டர் எல்லாம் இருந்த இடத்தில் நிற்க, வெறும் பவர் ஃப்ளோ, அதாவது வோல்ட்டேஜ், கரன்ட் கணக்கு மட்டும் ஓடும்.

சால்வ் ஆகிறதா? அப்படியானால் கோளாறு கன்ட்ரோலில் இருக்கிறது, தொடர்ந்து படியுங்கள். ஆகவில்லையா? கன்ட்ரோல் மீது பழி போடாமல் நேராக அறிகுறி 4-க்குப் போங்கள்.

இந்தச் சோதனையையே தீர்வாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. “சார், கன்ட்ரோல்மோடை ஆஃப் பண்ணிட்டேன், எரர் போயிடுச்சு” என்று ஒரு மாணவி சந்தோஷமாக வந்து சொன்னார். “சரிம்மா, டேப் எத்தனையில நிக்குது?” என்று கேட்டேன். நடுவில், 1.0-இல் நின்றது. ஃபீடர் வால் முனையில் வோல்ட்டேஜ், இருக்க வேண்டியதில் 0.87 பங்குதான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

சால்வ் ஆகிறது என்று தெரிந்ததும் ‘செட் கன்ட்ரோல்மோட்=ஸ்டாட்டிக்’, மறுபடி சால்வ், எரர் வந்ததும் ‘ஷோ ஈவன்ட்லாக்’. எந்தச் சுற்றில், எந்த உறுப்பு, என்ன செய்தது என்று வரிவரியாக வரும். லாக் காலியாக இருந்தால் ஒவ்வொரு கன்ட்ரோலிலும் ‘ஈவன்ட்லாக்=யெஸ்’ இருக்கிறதா பாருங்கள். மேலேயிருந்து படிக்க வேண்டாம். கடைசி ஆறேழு வரிகள் போதும். யார் அடங்காமல் ஆடுகிறார் என்பது அங்கேதான் தெரியும்.

## அறிகுறி 1: ‘கன்ட்ரோல் சுற்று வரம்பு தாண்டியது’ என்று நிற்கிறது

### 1அ. லாக்கில் ஒரே ரெகுலேட்டர், ஒரே திசையில் நகர்கிறது

சுற்று 7-இல் 1 டேப் ஏற்றம், 8-இல் 1 டேப் ஏற்றம், 9-இல் 1 டேப் ஏற்றம்... இப்படி இருந்தால் கோளாறே இல்லை. பாவம், அது போய்ச்சேருவதற்குள் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். ‘மேக்ஸ்கன்ட்ரோல்ஐட்டர்’ என்ற சுற்று வரம்பு இயல்பாக 10. ‘மேக்ஸ்டேப்சேஞ்ச்=1’ (சுற்றுக்கு ஒரு படி மட்டும்) என்று போட்டிருந்து, டேப் 13 படி ஏற வேண்டியிருந்தால் 10 சுற்று எப்படிப் போதும்? வரம்பை 50 ஆக்குங்கள். வரம்பை உயர்த்துவது சரியான மருந்தாக இருப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இன்னொன்று அறிகுறி 3-இல் வரும்.

### 1ஆ. ஒரே ரெகுலேட்டர், முன்னும் பின்னும் ஆடுகிறது

லாக்கின் வால் இப்படி இருக்கும்:

சுற்று 8, ரெக்1, 1 டேப் ஏற்றம், 1.0250
சுற்று 9, ரெக்1, 1 டேப் இறக்கம், 1.0125
சுற்று 10, ரெக்1, 1 டேப் ஏற்றம், 1.0250

இங்கே வரம்பை 1000 ஆக்கினால் அதே எரர் கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

காரணம் பெரும்பாலும் பேண்ட், அதாவது ரெகுலேட்டர் அசையாமல் விட்டுவைக்கும் வோல்ட்டேஜ் இடைவெளி. டேப் ஒரு படி நகர்ந்தால் வோல்ட்டேஜ் எவ்வளவு மாறுமோ அதைவிட பேண்ட் குறுகலாக இருக்கிறது. நம் ஊர் துணை மின்நிலைய டிரான்ஸ்ஃபார்மர்களில் ஆன்லோட் டேப் ஒரு படி பொதுவாக 1.25%. 110 வோல்ட் அடிப்படையில் அது 1.375 வோல்ட். பேண்டை 1 வோல்ட் என்று வைத்தால், ஒரு படி ஏறினால் மேல் எல்லையைத் தாண்டும், இறங்கினால் கீழ் எல்லையைத் தாண்டும். நடுவில் உட்கார இடமே இல்லை. படியைப் போல இரண்டு மடங்காவது பேண்ட் வையுங்கள். 1.375-க்கு 2.75, 3 என்று போட்டால் நிம்மதி. ‘பேண்ட்’ என்பது மேல் கீழ் இரண்டும் சேர்ந்த முழு அகலம் என்பதும் நினைவிருக்கட்டும். ரிலே மேனுவலில் ±1.5% என்று இருப்பதை அப்படியே 1.5 என்று எழுதினால் பாதிகூடத் தேறாது.

இதன் எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. எரர் வராது, ஆனால் ஆபத்து அதிகம். டிரான்ஸ்ஃபார்மரில் ‘நம்டேப்ஸ்’ எழுதாமல் விட்டால் 0.9 முதல் 1.1 வரை 32 படி என்று எடுத்துக்கொள்ளும். ஒரு படி 0.625%. அமெரிக்க லைன் ரெகுலேட்டருக்கு அது சரி. நம் டிரான்ஸ்ஃபார்மரின் படி அதைப் போல இரண்டு மடங்கு. அதனால் மாதிரியில் அழகாக அடங்கும் செட்டிங், களத்தில் டேப்பை ஆட வைக்கலாம். பெயர்ப்பலகையில் எத்தனை படி, எந்த வரம்பு என்று பார்த்து ‘மின்டேப்’, ‘மேக்ஸ்டேப்’, ‘நம்டேப்ஸ்’ மூன்றையும் கையால் எழுதுங்கள்.

பேண்ட் சரியாக இருந்தும், டேப் ஆடாமல் தப்பான திசையில் முனைக்கே ஓடினால், அது எந்த வைண்டிங்கில் இருக்கிறது என்று பாருங்கள். சோதிப்பது சுலபம்: கன்ட்ரோலை ஆஃப் செய்து, டேப்பைக் கையால் ஒரு படி மாற்றி, சால்வ் செய்து, 22 கே.வி. பஸ்ஸின் (லைன்கள் சேரும் இணைப்புப் புள்ளியின்) வோல்ட்டேஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். கன்ட்ரோல் ஏற்ற நினைத்து பஸ் இறங்கினால் திசை தலைகீழ்.

### 1இ. ஒரே கெப்பாசிட்டர், ஆன் ஆஃப் ஆன் ஆஃப்

‘டைப்=கேவார்’ (லைனில் ஓடும் ரியாக்டிவ் பவரைப் பார்த்து மாறுவது) என்று எழுதிவிட்டு ஆன், ஆஃப் செட்டிங்கை எழுத மறந்தவர்களுக்கு இது கட்டாயம் வரும். இயல்பு மதிப்பு ஆன் 300, ஆஃப் 200. பேங்க் 1200 கேவார். ஃபீடரில் 400 கேவார் ஓடுகிறது, ஆன் ஆகிறது. உடனே ஓட்டம் மைனஸ் 800. அது 200-க்குக் கீழே, ஆகவே ஆஃப். மறுபடி 400. விடிய விடிய ஆடும்.

விதி ஒன்றே: ஆனுக்கும் ஆஃபுக்கும் உள்ள இடைவெளி பேங்கின் அளவைவிட அதிகமாக இருக்க வேண்டும். 1200 பேங்குக்கு ஆன் 700, ஆஃப் மைனஸ் 700 என்றால் இடைவெளி 1400, போதும். ஆஃப் மைனஸில் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்கும்.

வோல்ட்டேஜைப் பார்த்து மாறும் கெப்பாசிட்டர் என்றால், அது ஆன் ஆனதும் அதே இடத்தில் வோல்ட்டேஜ் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடுங்கள். கேவாரை மெகாவாரில் எடுத்து, அந்த இடம் வரையுள்ள ரியாக்டன்ஸால் பெருக்கி, கே.வி.யின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். நம் மலை ஃபீடரில் கெப்பாசிட்டர் இருக்கும் இடம் வரை 6 ஓம் என்று வைப்போம்: 1.2 பெருக்கல் 6, வகுத்தல் 484. கிட்டத்தட்ட 1.5%. 110 வோல்ட் அடிப்படையில் 1.64 வோல்ட். ஆன், ஆஃப் இடைவெளி அதைவிடத் தாராளமாக, 3 வோல்ட்டாவது இருக்கட்டும்.

அந்த 6 ஓம் எங்கிருந்து வந்தது என்றும் ஒரு முறை பாருங்கள். மலை மாதிரிகளில் லைன் நீளத்தைச் சாலை தூரத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு. மின்கம்பி வளைந்து வளைந்து ஏறாது, சரிவை நேராகக் கடக்கும். சாலை நீளத்தைக் கொடுத்தால் ரியாக்டன்ஸ் வீங்கி, கெப்பாசிட்டர் தூக்கும் அளவும் வீங்கி, களத்தில் இல்லாத ஆட்டம் கணினியில் வரும்.

### 1ஈ. இரண்டு உறுப்புகள் மாறி மாறி

இதுதான் நேரம் தின்னும் வகை. லாக்கில் ஒரு வரி ரெகுலேட்டர், அடுத்த வரி கெப்பாசிட்டர், மறுபடி ரெகுலேட்டர். தனித்தனியாக இரண்டும் ஒழுங்குதான், சேர்ந்தால் சண்டை.

முதலில் டிலேயைப் பாருங்கள். ரெகுலேட்டருக்கும் கெப்பாசிட்டருக்கும் இயல்பு டிலே 15 விநாடி, இரண்டுக்கும் ஒன்றே. ஸ்டாட்டிக் முறையில் கடிகாரம் ஓடுவதில்லை. டிலே என்பது யார் முதலில் என்ற வரிசைக்கு மட்டுமே. ஒரே டிலே உள்ளவர்கள் ஒரே சுற்றில் சேர்ந்து நகர்வார்கள். வோல்ட்டேஜ் குறைவு என்று ரெகுலேட்டர் ஒரு படி ஏற்ற, அதே கணத்தில் கெப்பாசிட்டரும் ஆன் ஆக, மொத்தம் தேவைக்கு மேல் போய்விடும். அடுத்த சுற்றில் இரண்டும் சேர்ந்து பின்வாங்கும்.

டிலேயைப் பிரித்து வையுங்கள். கெப்பாசிட்டர் 15, ரெகுலேட்டர் 45 என்று வைப்பது என் வழக்கம்: முரட்டு வேலை முதலில், நுணுக்கம் பிறகு. களத்தில் வேறு வரிசை இருந்தால் அதைத்தான் எழுத வேண்டும், என் விருப்பத்தை அல்ல.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரெகுலேட்டர் என்றால் துணை மின்நிலையத்தில் இருப்பது முதலில் நகர வேண்டும். அதற்கு 30, மலை மேலே இருப்பதற்கு 60. தலைகீழாக வைத்தால், மேலே உள்ளது நாலு படி ஏறி முடித்த பிறகு கீழே உள்ளது ஏறும். மேலே உள்ளது போன வழியே திரும்பி வர வேண்டும்.

டிலேயைப் பிரித்தும் அடங்கவில்லையா? அப்படியென்றால் கெப்பாசிட்டர் தூக்கும் 1.5%, ரெகுலேட்டரின் பேண்டைத் தாண்டி அதை நகர்த்துகிறது. அந்த நகர்வு கெப்பாசிட்டரின் எல்லையைத் தொடுகிறது. ஆளுக்கு ஒரு தடவை ‘எனேபிள்டு=நோ’ போட்டுப் பாருங்கள். எவரை நிறுத்தினால் அமைதி வருகிறதோ அவருடைய இடைவெளியை அகலப்படுத்துங்கள். கடைசி வழி பேங்கை இரண்டாகப் பிரித்து 600, 600 ஆக்குவது. மாதிரியில் அது ஒரு வரி வேலை. களத்தில் இன்னொரு சுவிட்ச், இன்னொரு கன்ட்ரோலர், இன்னொரு பில். ஆகவே அறிக்கையில் எழுதுவதற்கு முன் யோசியுங்கள்.

## அறிகுறி 2: எரர் எதுவும் இல்லை, ஆனால் டேப் உச்சியிலோ அடியிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது

‘ஷோ டேப்ஸ்’ கொடுத்தால் தெரியும். எரர் வராததால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. அடங்காமல் ஆடுவதைவிட இது மோசம் என்பேன். அது சத்தம் போட்டாவது சொல்கிறது.

ஓபன்டிஎஸ்எஸ் அமெரிக்காவில் வளர்ந்தது. அந்நாட்டு மின் ஆராய்ச்சி நிறுவனமான எப்ரி 2008-இல் அதைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அதன் இயல்பு மதிப்புகள் அந்த ஊர் லைனுக்கானவை: ‘விரெக்’ (கன்ட்ரோல் பிடித்து வைக்கப் பார்க்கும் வோல்ட்டேஜ்) 120, ‘பிடிரேஷியோ’ (லைன் வோல்ட்டேஜைக் கன்ட்ரோலுக்காகக் குறைக்கும் விகிதம்) 60. இரண்டையும் பெருக்கினால் 7200, அதாவது 12.47 கே.வி. லைனின் ஃபேஸ் வோல்ட்டேஜ். நம்மிடம் அந்த லைன் கிடையாது.

டேப் எந்த முனையில் ஒட்டுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்:

உச்சியில் ஒட்டினால், 11 கே.வி. லைனில் இயல்பு மதிப்பை விட்டிருப்பீர்கள். 6351-ஐ 60-ஆல் வகுத்தால் கன்ட்ரோல் காண்பது 105.9 வோல்ட், அது தேடுவது 120. 10% ஏறினாலும் 116.4தான், பேண்டுக்குள் வராது.

அடியில் ஒட்டினால், 22 கே.வி. லைனில் அதையே செய்திருப்பீர்கள். 12,702-ஐ 60-ஆல் வகுத்தால் 211.7. எவ்வளவு இறக்கினாலும் 120 வராது.

சரி, 120-ஐ 110 ஆக்கி, பிடிரேஷியோவை 22000/110 என்று 200 ஆக்கிவிட்டேன், இப்போது உச்சியில் ஒட்டுகிறதே என்பார்கள். வைண்டிங் ஸ்டார் இணைப்பில் இருந்தால் கன்ட்ரோல் பார்ப்பது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ள வோல்ட்டேஜை. 12,702-ஐ 200-ஆல் வகுத்தால் 63.5. அது 110-ஐத் தேடி ஏறிக்கொண்டே போகிறது. இரண்டில் ஒன்று செய்யுங்கள்: விரெக்கை 63.5 ஆக்குங்கள், அல்லது பிடிரேஷியோவை 115.47 ஆக்குங்கள். 11 கே.வி. என்றால் 57.74. நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன். அப்போது பேண்ட் முதல் எல்லாமே ரிலேயில் உள்ள 110 வோல்ட் அடிப்படையிலேயே இருக்கும். முதல் வழியில் போனால் பேண்டையும் 63.5-க்கு ஏற்றபடி சுருக்க வேண்டும். அதை மறந்து 3 வோல்ட்டை அப்படியே விடுபவர்களே அதிகம்.

பிடிரேஷியோ சரியாக இருந்தும் ஒட்டினால், ‘ஆர்’, ‘எக்ஸ்’ என்ற லைன் ட்ராப் காம்பென்சேஷன் (வழியில் விழும் வோல்ட்டேஜை ஈடுகட்டும்) மதிப்புகளைப் பாருங்கள். ஐஇஇஇ 13 நோடு என்ற சோதனை ஃபீடரின் உதாரணக் கோப்பிலிருந்து ரெகுலேட்டர் வரியைக் காப்பி எடுத்திருந்தால் விரெக் 122, பிடிரேஷியோ 20, சிடிபிரைம் 700, ஆர் 3, எக்ஸ் 9 என்று இருக்கும். அது 4.16 கே.வி. ஃபீடருக்கானது. விரெக்கையும் பிடிரேஷியோவையும் மாற்றிவிட்டு மற்ற மூன்றை அப்படியே விட்ட கோப்புகள் என் மேசைக்கு அடிக்கடி வரும். காம்பென்சேஷன் தேவையில்லை என்றால் ஆர், எக்ஸ் இரண்டையும் 0 ஆக்குங்கள்.

அதே கோப்பில் ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று ரெகுலேட்டர் இருக்கும். நம் துணை மின்நிலைய டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று ஃபேஸின் டேப்பும் சேர்ந்தே நகரும். ஒரு மூன்று ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மர், ஒரு கன்ட்ரோல். எந்த ஃபேஸைப் பார்க்க வேண்டும் என்பதை ‘பிடிஃபேஸ்’ சொல்லும்.

இவ்வளவும் சரியாக இருந்து, டேப் உண்மையிலேயே உச்சியில் நின்றால் ஃபீடர் அந்த அளவுக்குத் தளர்ந்திருக்கிறது என்று பொருள். அது மென்பொருள் பிழை அல்ல. கம்பி மாற்றவோ, புது துணை மின்நிலையம் கேட்கவோ வேண்டிய விஷயம்.

## அறிகுறி 3: ஒரு தடவை சால்வ் செய்தால் சரி, நாள் முழுக்க ஓட்டினால் நடுப்பகலில் நிற்கிறது

வரம்பு தாண்டிய அந்த மணியிலேயே ஓட்டம் நின்றுவிடும். எந்த மணி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

### 3அ. காலை 11 முதல் 2-க்குள், லாக்கில் இன்வெர்ட்டர் கன்ட்ரோல்

வோல்ட்-வார் வளைவு, அதாவது எந்த வோல்ட்டேஜில் எவ்வளவு கேவார் இழுப்பது அல்லது தருவது என்று இன்வெர்ட்டருக்குச் சொல்லும் வளைவு, செங்குத்தாக இருக்கிறது. இதற்கு ஒரு கையளவுக் கணக்கு போதும். 11 கே.வி. லைனின் முனையில் ஒரு சேகோ ஆலை, 500 கேவார் வரை இழுக்கக்கூடிய சோலார் இன்வெர்ட்டர், அங்கு வரை 3 ஓம். 0.5 பெருக்கல் 3 வகுத்தல் 121: முழு கேவாரையும் இழுத்தால் வோல்ட்டேஜ் 1.24% மாறும். உங்கள் வளைவு 1.00-இல் தொடங்கி 1.01-இல் முழுதாக இழுக்கச் சொல்கிறது என்றால், 1% மாற்றத்துக்கு 1.24% பதில். முழு அடியாக வைத்தால், ஒன்றுக்கு மேல் போனாலே ஆட்டம். அதே வளைவை 1.02-இலிருந்து 1.08 வரை சாய்த்துவிட்டால் 6%-க்கு 1.24%, அதாவது 0.2. சத்தமில்லாமல் அடங்கும். ஐஇஇஇ 1547-2018 தரத்தின் பி வகை இயல்பு வளைவும் 0.92, 0.98, 1.02, 1.08 என்ற புள்ளிகளில்தான் இருக்கிறது.

முதலில் வளைவு. அது நியாயமாக இருந்தும் ஆடினால்தான் ‘டெல்டாக்யூ_ஃபேக்டர்’. ஒவ்வொரு சுற்றிலும் தேவையான மாற்றத்தில் எவ்வளவு பங்கைச் செய்வது என்பதுதான் இது. பழைய பதிப்புகளில் இயல்பு 0.7, புதியவற்றில் மென்பொருளே தீர்மானித்துக்கொள்ளும். அதே முனையில் அதே செங்குத்து வளைவோடு மூன்று ஆலைகள் இருந்தால் 1.24 என்பது 3.7 ஆகிவிடும். 0.7-க்கு அது அடங்காது, 0.3 ஆக்கினால் அடங்கும். கூடவே சுற்று வரம்பையும் உயர்த்துங்கள், ஏனென்றால் சின்னச் சின்ன அடியாக வைத்தால் அதிக அடி தேவைப்படும். ஆனால் ஒன்று: இந்த எண் மென்பொருளின் கணக்குக்கானது, இன்வெர்ட்டரில் இப்படி ஒரு திருகு கிடையாது. செங்குத்து வளைவை இதை வைத்து அடக்கிவிட்டு, வளைவு நன்றாக வேலை செய்கிறது என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

### 3ஆ. ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல் மட்டும், லாக்கில் லைன் ரெகுலேட்டர்

பேக்டரி மூடியிருக்கும், சோலார் ஓடும், மின்சாரம் துணை மின்நிலையத்தை நோக்கித் திரும்பும். ரெகுலேட்டரில் ‘ரிவர்சிபிள்=யெஸ்’ இருந்தால், அது திரும்பி நின்று சப்ளை பக்கத்தைச் சரிசெய்யப் பார்க்கும். துணை மின்நிலையம் தாங்கிப் பிடித்திருக்கும் பக்கத்தை அது எங்கே அசைப்பது? டேப் முனைக்கு ஓடிவிடும். இரண்டு பக்கமும் சப்ளை உள்ள லைனுக்கான வசதி அது. சோலாரால் மட்டும் ஓட்டம் திரும்பும் இடத்தில் ‘நோ’ என்று விடுங்கள். நிஜ ரெகுலேட்டரிலும் இதே தவறு நடக்கும் என்பதால், களத்தில் அந்த செட்டிங் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது நல்லது.

### 3இ. மாலை 6-க்கு மேல், அல்லது காபிப் பருவத்தில் மட்டும்

லோடு வளைவில் திடீர்ப் படி இருக்கிறதா பாருங்கள். பழம் அரைக்கும் மோட்டார் எல்லாவற்றையும் ஒரே நிமிடத்தில் ஆன் செய்வதுபோல் வளைவு எழுதியிருப்பார்கள். ஆறு எஸ்டேட்டுக்கும் ஒரே வளைவைக் கொடுக்காமல் சற்று முன்பின்னாகத் தள்ளிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

## அறிகுறி 4: கன்ட்ரோலை ஆஃப் செய்தும் சால்வ் ஆகவில்லை

‘செட் லோட்மல்ட்=0.1’ கொடுத்துப் பாருங்கள்.

பத்தில் ஒரு பங்கு லோடிலும் சால்வ் ஆகவில்லை என்றால் வயரிங் தப்பு. ‘ஷோ ஐசொலேட்டட்’ கொடுத்து, எங்கும் சேராமல் தொங்கும் பஸ் உண்டா பாருங்கள். பஸ் பெயரில் ஒரு எழுத்துப் பிழை போதும். அடுத்தது யூனிட்: லைன்கோடு (கம்பி வகையின் இம்பீடன்ஸ் மதிப்புகள்) மைல் கணக்கில், லைன் நீளம் கி.மீ.யில், ‘யூனிட்ஸ்’ எழுதவில்லை. அடுத்தது கே.வி.: மூன்று ஃபேஸ் லோடுக்கு 0.24 என்றும், ஒரு ஃபேஸுக்கு 0.415 என்றும் மாறிப்போயிருக்கும். கடைசியாக, சுவிட்சுக்காகப் போட்ட மிகச் சின்ன இம்பீடன்ஸ், 0.0000001 ஓம் எல்லாம் வேண்டாம், 0.001 போதும்.

0.1-இல் ஆகிறது, 1.0-இல் ஆகவில்லை என்றால் 0.2, 0.3 என்று ஏற்றிக்கொண்டே போய் எங்கே உடைகிறது என்று பாருங்கள். 0.8-இல் உடைந்தால் ஃபீடரால் அந்த லோடைத் தாங்க முடியவில்லை. உடைவதற்கு முந்தைய படியில் எந்த பஸ்ஸில் வோல்ட்டேஜ் குறைவோ அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

லோடுகளில் ‘விமின்பியூ’ இயல்பாக 0.95. அதற்குக் கீழே வோல்ட்டேஜ் போனால் லோடு நிலையான இம்பீடன்ஸாக மாறிவிடும், மின்சாரம் குறைவாக இழுக்கும். மலை வாலில் 0.9 சகஜம் என்றால், மாதிரி உங்களுக்குத் தெரியாமலேயே லோடைக் குறைத்துக் காட்டும். 0.8 ஆக்கினால் உண்மை தெரியும். உண்மை தெரிந்ததும் சால்வ் ஆகாமல் போகவும் வாய்ப்புண்டு, அது வேறு விஷயம்.

அதிர்வெண்ணையும் பாருங்கள். இயல்பு 60 ஹெர்ட்ஸ். ‘செட் டிஃபால்ட்பேஸ்ஃப்ரீக்வன்சி=50’ என்ற வரி ‘நியூ சர்க்யூட்’டுக்கு மேலே இருக்க வேண்டும். நடுவில் செருகினால் பாதி உறுப்புகள் 60 என்றும் பாதி 50 என்றும் நினைத்துக்கொள்ளும், ரியாக்டன்ஸ் எல்லாம் கலங்கிவிடும்.

## அறிகுறி 5: ஒவ்வொரு முறையும் வேறு விடை

முந்தைய சால்வில் டேப் எங்கே நின்றதோ அங்கிருந்துதான் அடுத்தது தொடங்கும். பேண்டுக்குள் இரண்டு மூன்று டேப் நிலை அடங்கும் என்பதால் எல்லா விடையும் சரியே. ஒப்பிட வேண்டுமானால் ‘கிளியர்’ கொடுத்து முதலிலிருந்து ஓட்டுங்கள்.

டேப் எப்போதும் ஒரு படி பிந்தி நகர்கிறதா? கன்ட்ரோல்மோட் ‘டைம்’ என்று இருக்கும், ஸ்டெப்சைஸ் 15 நிமிடமாக இருக்கும். 30 விநாடி டிலே அடுத்த 15-ஆவது நிமிடத்தில்தான் நிறைவேறும். ஸ்டாட்டிக்குக்கு மாற்றுங்கள், அல்லது ஸ்டெப்பை விநாடிகளுக்குக் குறையுங்கள். டேப் நகர்வைப் பார்க்க டிரான்ஸ்ஃபார்மரில் ‘மோட்=2’ மானிட்டர் ஒன்று வைத்துவிட்டால் போதும்.

## எப்போது இன்னொருவரைக் கூப்பிட வேண்டும்

இவ்வளவும் பார்த்தும் தீரவில்லை என்றால், நீங்கள் எழுதிய எண்கள் களத்தில் உள்ள எண்கள்தானா என்ற கேள்விதான் மிச்சம். வோல்ட்டேஜ் ரிலேயின் செட்டிங்கை ஊகிக்காதீர்கள். துணை மின்நிலையப் பராமரிப்புப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேனலை நீங்களே திறந்து பார்க்கும் வேலை வேண்டாம்.

களத்து செட்டிங்கை அப்படியே போட்டும் மாதிரியில் டேப் ஆடினால், சிக்கல் உங்கள் கணினியில் இல்லாமலும் இருக்கலாம். அங்கே டேப் ஒரு நாளைக்கு எத்தனை முறை மாறுகிறது என்று கவுண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓயாமல் மாறும் டேப்பில் கான்டாக்ட் தேயும், எண்ணெய் கெடும். அதைச் சரிசெய்ய டிரான்ஸ்ஃபார்மரையே நிறுத்த வேண்டிவரும்.

வால் முனை வோல்ட்டேஜ் மாதிரிக்கும் நிஜத்துக்கும் 3%-க்கு மேல் விலகினால் ஒரு வாரத்துக்கு லாகர் (வோல்ட்டேஜைப் பதிவு செய்யும் கருவி) வைத்து அளப்பவரைப் பிடியுங்கள். செலவுதான், ஆனால் தப்பான மாதிரியை இன்னும் ஒரு மாதம் திருத்திக்கொண்டிருப்பதைவிட மலிவு. உயரழுத்தத்தில் +6%, −9% எல்லைக்குள் வருமா வராதா என்று முடிவு சொல்லும் அறிக்கை, சோலார் இணைப்பு அனுமதிக்குப் போகும் அறிக்கை இவற்றில் அனுபவமுள்ள பவர் சிஸ்டம் பொறியாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

மென்பொருளிலேயே பிழை என்ற சந்தேகம் கடைசியில்தான் வர வேண்டும். அப்படி வந்தால் ஃபீடரை நறுக்கிக்கொண்டே போங்கள்: லேட்டரல்களை (கிளை லைன்களை) எடுங்கள், லோடுகளைச் சேர்த்து ஒன்றாக்குங்கள். ஒரு சோர்ஸ், ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு லைன், ஒரு லோடு, ஒரு கன்ட்ரோல் என்ற அளவிலும் அதே எரர் வந்தால், அந்தச் சின்னக் கோப்பையும் ஈவன்ட் லாக்கையும் பதிப்பு எண்ணோடு உருவாக்குநர்களுக்கு அனுப்புங்கள். நறுக்கும்போது நடுவழியில் எரர் மறைந்துவிட்டால் அனுப்ப வேண்டிய தேவையில்லை. கடைசியாக எதை எடுத்தீர்களோ அதைத் திரும்ப வைத்து, அதன் டிலேயையும் பேண்டையும் பாருங்கள்.